ஜெனரல் கிராண்ட்: ஒட்டுப்படமும் நிஜப்படமும்

'சிட்டி பாயின்ட்டில் ஜெனரல் கிராண்ட்' என்று ஒரு பழைய புகைப்படம் உண்டு. முகாமில் படைவீரர்கள் கூடியிருக்க, முன்னால் குதிரை மேல் கம்பீரமாக அமர்ந்திருக்கிறார் அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி யுலிசஸ் கிராண்ட். பார்த்தவுடனே 'தளபதி என்றால் இவர்தான்' என்று தோன்றும். ஆனால் அப்படி ஒரு காட்சி நடக்கவே இல்லை!

அது மூன்று படங்களை ஒட்டிச் செய்தது. தலை மட்டும்தான் கிராண்டுடையது. உடலும் குதிரையும் மெக்குக் என்ற வேறொரு ஜெனரலுடையவை. பின்னால் இருப்பவர்கள் கிராண்டின் வீரர்களே அல்ல. ஃபிஷர்ஸ் ஹில் போரில் பிடிபட்ட எதிரிப்படைக் கைதிகள்! படத்தில் உள்ள உரிமைக் குறிப்பு 1902-ஆம் ஆண்டுக்குரியது. கிராண்ட் இறந்ததோ 1885-ல். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே இந்த வேலை நடந்திருக்கிறது.

சரி, அந்தத் தலை எங்கிருந்து வந்தது? 1864 ஜூனில் வர்ஜீனியாவின் கோல்ட் ஹார்பரில் எடுத்த படத்திலிருந்து. அதில் குதிரை இல்லை. கூடாரத்துக்கு முன்னால் ஒரு மரத்தில் கையை ஊன்றி நிற்கிறார். முகத்தில் களைப்பு.

களைப்புக்குக் காரணம் இருந்தது. 1843-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறி, மெக்சிகோ போரில் பங்கெடுத்த கிராண்ட், 1854-ல் வேலையை ராஜினாமா செய்தார். விவசாயம் கைகொடுக்கவில்லை. செயின்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்றார். 1860-ல் அப்பாவின் தோல்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருடம் உள்நாட்டுப் போர் வெடித்ததும் மீண்டும் ராணுவம். 1862-ல் டொனல்சன் கோட்டை, 1863 ஜூலை 4-ல் விக்ஸ்பர்க் என்று வரிசையாக வெற்றிகள். 1864 மார்ச்சில் லிங்கன் அவரை வடக்கின் எல்லாப் படைகளுக்கும் தலைவராக்கினார். தோல்கடையிலிருந்து அங்கே போய்ச்சேர மூன்றே வருடங்கள்!

ஆனால் அதே வருடம் ஜூன் 3-ஆம் தேதி கோல்ட் ஹார்பரில், பதுங்குகுழிகளில் தயாராக இருந்த எதிரியை நேருக்கு நேர் தாக்க உத்தரவிட்டார். பலனே இல்லாமல் ஆயிரக்கணக்கான வீரர்கள் சாய்ந்தார்கள். மரத்தடிப் படம் அதே மாதம் அதே இடத்தில் எடுத்ததுதான்.

1865 ஏப்ரல் 9-ல் அப்போமாட்டக்ஸில் ஜெனரல் லீ அவரிடம் சரணடைந்தார். தோற்றவர்களை கிராண்ட் சிறையில் தள்ளவில்லை. குதிரை வைத்திருந்தவர்கள் அதையும் ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்றார். பிறகு ஜனாதிபதியாகவும் இருந்தார். கடைசிக் காலத்தில் புற்றுநோயோடு போராடியபடி எழுதிய நினைவுக்குறிப்புகளில், கோல்ட் ஹார்பரின் அந்தக் கடைசித் தாக்குதலுக்காக எப்போதும் வருந்தியதாக எழுதினார்.

குதிரை மேல் இருக்கும் கிராண்டைப் பார்த்தால் அந்த வருத்தம் தெரியாது. தலையை மட்டும் வெட்டி எடுத்தவர்கள் மரத்தடியை விட்டுவிட்டார்கள்.