1931: வெறுமையாக இருந்த நான்கு ஆசனங்கள்

"அன்றைக்கு மட்டும் அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால்" என்று தொடங்கும் பேச்சு எம்மிடையே ஓய்வதில்லை. எமது அரசியலைப் பற்றிய அத்தகைய பேச்சில் அடிக்கடி வந்துபோகும் ஆண்டு 1931.

1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்களின் உழைப்பால் வளர்ந்தது. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததும் அதுவே. அவர்கள் வேண்டியது பூரண சுயராச்சியம். டொனமூர் யாப்போ நிதி, சட்டம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பிரித்தானிய அதிகாரிகளின் கையிலேயே விட்டது. எனவே 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி இளைஞர்கள் கோரினர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய 4 தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. தெற்கு அவர்களைப் பின்பற்றவில்லை. 50 பேர் தெரிவாக வேண்டிய அரசாங்க சபைக்கு 46 பேரே தெரிவாயினர். அந்த ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன.

1936 இல் தனிச் சிங்கள அமைச்சரவை அமைந்ததையும் இந்தப் பகிஷ்கரிப்பின் கணக்கில் எழுதுவோர் உளர். அது நியாயமன்று. 1936 இல் தமிழ் உறுப்பினர்கள் சபையில் இருந்தார்கள். இருந்தும் அமைச்சரவையில் இடம் கிடைக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் வரவிருப்பதை அந்த இளைஞர்கள் அறிந்திருக்கவும் முடியாது.

ஆனால், அன்றே அவர்கள் கண்முன் இருந்தது ஒன்றுண்டு. அதுவரை சனத்தொகையில் ஏறக்குறைய 4 வீதத்தினரே வாக்காளர். டொனமூர் யாப்பு 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை அளித்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்றோர் அதனை எதிர்த்தனர். வாலிபர் காங்கிரஸோ தீண்டாமைக்கு எதிராகவும் சம ஆசனத்துக்காகவும் சமபந்திக்காகவும் நின்ற இயக்கம். எந்த மக்களுக்காக அது நின்றதோ, அந்த மக்களின் முதல் வாக்கே 1931 இல் குடாநாட்டில் போடப்படாமல் போயிற்று. பெண்களின் முதல் வாக்கும் அவ்வாறே.

அந்த இளைஞர்களுக்கு இன்று நாம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், எதிர்காலத்தைச் சொல்லி அவர்களைக் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. "முதன்முறையாக வாக்குப் பெற்றவர்களிடம் அதை என்ன செய்வோம் என்று கேளுங்கள்" என்பதே போதும். அது 1931 இலேயே சொல்லக்கூடியதாயிருந்த வார்த்தை. தொலைவில் இருந்துகொண்டு ஊரில் உள்ளவர்களுக்காகத் தீர்மானம் எடுக்க முற்படும் எமக்கும் அது உரியது.