மணலும் காடும் மிதிவண்டியும்



இன்று உங்களை ஒரு பாதை வழியே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அது இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், நார்ஃபோக், சஃபோக் என்னும் இரு மாவட்டங்கள் கூடுமிடத்தில், தெட்ஃபோர்டு என்ற பழைய ஊரைச் சுற்றியுள்ள காட்டில் செல்லும் சரளைப் பாதை. அங்கே மலை இல்லை. பெரும் பள்ளத்தாக்கும் இல்லை. இருமருங்கிலும் பைன் மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. திடீரென்று காடு விலகுகிறது. ‘ஹீத்’ என்று அந்நாட்டார் அழைக்கும் புதர்வெளி கண்ணுக்கெட்டும் தூரம் விரிகிறது. கோடையின் கடைசியில் அவ்வெளியில் ஹெதர் என்னும் குறுஞ்செடி ஊதா நிறமாகப் பூக்கும். பாதையின் தொடக்கத்தில் குறுக்கே ஒரு மரத்தடுப்பு உண்டு. மோட்டார் வண்டிகள் அதனைத் தாண்டுவதில்லை. ஆகவே மிதிவண்டியில் செல்வோர், சக்கரத்தின் அடியில் சரளைக்கல் நெரியும் ஓசையன்றி வேறு இரைச்சலைக் கேளாமல், நாழிகைக் கணக்கில் பயணம் செய்யலாம்.

இவ்வளவு எளிய ஓர் இன்பத்தைப் பற்றிப் பேச வரலாற்று ஆசிரியன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பாதை எவ்வாறு உண்டாயிற்று, அதில் செல்லும் உரிமை மக்களுக்கு எவ்வாறு கிடைத்தது என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை வரலாற்றில்தான் இருக்கிறது.

முதலில் மிதிவண்டியின் கதையைச் சற்றே நினைவு கூர்வோம். 1885-ஆம் ஆண்டில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக உள்ள ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஏழைத் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமையில் ஊருக்கு வெளியே சென்று வரும் காலம் அதன்பின் தோன்றியது. அக்காலச் சாலைகளோ குண்டும் குழியுமாகக் கிடந்தன. 1878-இல் தோன்றிய மிதிவண்டிப் பயணிகள் சங்கத்தாரும் அவர்களைச் சேர்ந்தோரும் நல்ல சாலை வேண்டும் என்று கிளர்ச்சி செய்தனர். சாலைச் சீர்திருத்தத்துக்கென்றே ஒரு சங்கமும் கண்டனர். சாலைகள் நலமடைந்தன. ஆனால் நலமடைந்த சாலைகளை இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் கைப்பற்றிக் கொண்டன. சாலைக்காகப் பாடுபட்டவர் சாலையோரத்துக்குத் தள்ளப்பட்டனர். அமைதியாகச் செல்ல வேறு வழி தேடியவர்களுக்குப் புகலிடமாக அமைந்தவற்றுள் தெட்ஃபோர்டுக் காட்டுப் பாதையும் ஒன்று.

வகுப்பறையில் காட்டின் படத்தைக் காட்டி, “இது யார் செய்தது?” என்று நான் வினவுவதுண்டு. “இயற்கை செய்தது, ஐயா” என்றே மாணவர் பலரும் கூறுவர். தெட்ஃபோர்டைப் பொறுத்தவரை அவ்விடை பொருந்தாது. அங்குள்ள வெளியும் மனிதன் செய்தது. காடும் மனிதன் செய்தது.

அந்நிலப்பகுதிக்குப் ‘பிரெக்லாந்து’ என்று பெயர். சில ஆண்டுகள் உழுது, சாரம் குறைந்ததும் தரிசாக விட்டுவிடும் வயலைப் ‘பிரெக்’ என்பர். அச்சொல்லிலிருந்து 1894-இல் டபிள்யூ. ஜி. கிளார்க் என்னும் இயற்கை ஆய்வாளர் இப்பெயரை ஆக்கினார். அடியில் சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் பனியூழிக் காலத்துக் காற்று கொணர்ந்து குவித்த மெல்லிய மணல் போர்வை; இதுவே அந்நிலத்தின் அமைப்பு. பாறையினுள்ளே சிக்கிமுக்கிக் கல் கிடைக்கிறது. ‘கிரைம்ஸ் கிரேவ்ஸ்’ என்னுமிடத்தில், இற்றைக்கு நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, புதிய கற்கால மக்கள் மான்கொம்பைக் கருவியாகக் கொண்டு 400-க்கும் மேற்பட்ட சுரங்கக் குழிகளைத் தோண்டி அக்கல்லை எடுத்தனர். இன்று மிதிவண்டியின் சக்கரத்தடியில் நெரிவதும், சிற்சில வேளைகளில் டயரைக் கிழித்து இளைஞரைப் பாதியில் இறங்கி நடக்க வைப்பதும் அதே கல்லினம்தான்.

அந்த மக்களின் காலத்தில் அங்கே இயற்கைக் காடு இருந்தது. ஹாக்கம் என்னுமிடத்துப் பழைய ஏரியின் படிவில் புதைந்திருந்த மகரந்தத் துகள்களை ஹாரி காட்வின் என்னும் தாவரவியல் அறிஞர் ஆராய்ந்தார். மேல் அடுக்குகளுக்கு வரவர மரங்களின் மகரந்தம் குறைந்து, புல்லும் ஹெதரும் மிகுவதை அவர் கண்டார். கற்கால உழவர் காட்டை அழித்ததனால் உண்டானதே இந்த வெளி என்று 1944-இல் எழுதினார். பின்னர் ஆடுகள் மேய்ந்து, மரக்கன்று தலைதூக்காதபடி அதனை வெளியாகவே வைத்திருந்தன.

நார்மானியர் வந்தபின் முயல்களும் வந்தன. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் மடத்துத் துறவியரும் நிலப்பிரபுக்களும் பெரும் முயற்பண்ணைகளை அமைத்தனர். தெட்ஃபோர்டின் அருகே ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கல் மாளிகை ஒன்றின் இடிபாடு இன்றும் நிற்கிறது. அது போர் வீரர் தங்கும் கோட்டையன்று. பண்ணைக் காவலன் தங்கிய வீடு. பசித்தவன் இரவில் வந்து முயலைப் பிடித்துவிடாதபடி காக்க அத்துணைத் தடித்த சுவர்! அந்நாளில் அவ்வெளியில் ஏழையின் காலடி பட்டால் அது குற்றம்.

முயல் புல்லை வேரோடு அரித்தது. வேர் போனதும் மணல் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில் லேக்கன்ஹீத் பக்கத்திலிருந்து கிளம்பிய மணல், காற்றோடு சில மைல் நகர்ந்து சாண்டன் டவுன்ஹாம் என்னும் சிற்றூரின் மேல் இறங்கியது. வீடுகள் புதைந்தன, ஆற்றின் ஓட்டமும் தடைப்பட்டது. அவ்வூர் நிலக்கிழார் தாமஸ் ரைட், முட்செடி வேலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பி மணலோடு போராடினார். அவர் எழுதிய விவரம் 1668-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. காட்டை அழித்தவர் யாரோ. மணலை வாரியவர் யாரோ. இடையே எத்தனையோ தலைமுறைகள் கடந்து போயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நிலம் செல்வரின் வேட்டைக்களமாயிற்று. இங்கே இந்தியருக்கு நெருக்கமான ஒரு பெயர் வருகிறது. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங், 1849-இல் அரசை இழந்து, 1854-இல் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1863-இல் தெட்ஃபோர்டுக்கு அண்மையிலுள்ள எல்வடன் பண்ணை அவருக்கு உரியதாயிற்று. அங்கே அவர் பெயர் பெற்ற வேட்டையாளராக வாழ்ந்தார். 1893-இல் பாரிஸ் நகரில் மறைந்த அவரது கல்லறை எல்வடன் தேவாலயத்துத் தோட்டத்தில் இருக்கிறது. நாடிழந்த மன்னர் ஒருவருக்கு அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் இருந்தது; அவ்வூரில் பிறந்த உழவனுக்கோ வேலிக்கு அப்பால் செல்ல உரிமை இல்லை. இதனை எண்ணிப் பாருங்கள்.

பாதையின் பிறப்புக்குக் காரணமானது முதல் உலகப் போர். பிரிட்டன் தனக்கு வேண்டிய மரத்தில் பெரும்பகுதியைக் கப்பலில் கொணர்ந்து வந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தபோது, பதுங்குகுழிக்குப் பலகை இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் கூரையைத் தாங்க மரம் இல்லை. நாட்டின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கே அன்று காடாக இருந்தது. ஆகவே 1919-இல் அரசினர் வனக் குழு ஒன்றை நிறுவினர். பிரெக்லாந்தில் விளைச்சல் குன்றி நிலத்தின் விலை வீழ்ந்திருந்தது. அதனை வாங்கி 1922 முதல் பைன் நட்டனர். கன்றைக் காக்க முயல்களை வலைகட்டி அழித்தனர். 1930-களின் வேலையில்லாக் கொடுமையில் வாடிய தொழிலாளரும் பயிற்சி முகாம்களுக்கு அனுப்பப்பட்டு இக்காட்டில் உழைத்தனர். மணல் மூடிய அதே சாண்டன் டவுன்ஹாமிலேயே காட்டு அலுவலகம் அமைந்தது. நாளடைவில் 18,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பெருங்காடு உருவாயிற்று.

அத்தகைய காட்டுக்கு நேரான வழிகள் வேண்டும். தீப்பற்றினால் பரவாது தடுக்கவும், ஆட்கள் விரைந்து சென்று அணைக்கவும், வெட்டிய மரத்தை ஏற்றிவரவும் வழி வேண்டும். வெறும் மணலில் பாரவண்டியின் சக்கரம் புதையும். எனவே சுண்ணாம்புக் கல்லையும் சரளையையும் பரப்பி அழுத்திக் கெட்டித்தனர். மணல் மழைநீரை உடனே உறிஞ்சிவிடுவதால் குளிர்காலத்திலும் அவ்வழிகளில் சேறு குறைவு. மரவண்டிக்கென இட்ட வழி மிதிவண்டிக்கு ஏற்றதாக அமைந்த காரணம் இதுவே.

இக்கதையில் துயரமும் உண்டு. 1942-இல், இரண்டாம் உலகப் போரின்போது, படைப் பயிற்சிக்காக ஸ்டான்ஃபோர்டு, டாட்டிங்டன், வெஸ்ட் டாஃப்ட்ஸ் முதலிய சிற்றூர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்தது; அவர்கள் திரும்பவில்லை. அந்நிலம் இன்றும் படையினரின் கையில் உள்ளது. தேவாலயங்கள் மட்டும் ஊர்களின் நினைவாக நிற்கின்றன. காட்டினூடே செல்லும் இளைஞன் தன் பாதைக்கு அண்மையில் இவ்வூர்களும் இருந்தன என்பதை அறிந்திருத்தல் நன்று.

இனி உரிமையைக் காண்போம். இங்கிலாந்தில் குதிரைகள் செல்லும் பழைய பாதைகளில் மிதிவண்டியும் செல்லலாம் என்று 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் அனுமதித்தது; நடப்போருக்கும் குதிரையேறி வருவோருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. அரசின் காடுகள் மக்களுக்குத் திறந்து விடப்பட்டன. 2010-இல் அக்காடுகளைத் தனியாருக்கு விற்கும் திட்டம் ஒன்று எழுந்தது. விற்றபின் பாதை திறந்திருக்குமா என்று மக்கள் அஞ்சினர். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். 2011 பிப்ரவரியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்தக் கையெழுத்துகள் இல்லையேல், முயற்பண்ணைக் காலத்து வேலி வேறொரு வடிவில் திரும்பி வந்திருக்கவும் கூடும்.

உரிமையோடு கடமையும் உண்டு. மரம் வெட்டிய வெற்றிடங்களில் நைட்ஜார் என்னும் இரவுப் பறவையும், வுட்லார்க் என்னும் வானம்பாடி இனமும் தரையிலேயே கூடு கட்டுகின்றன. பாதையை விட்டு வண்டியை உள்ளே செலுத்தினால் முட்டை நசுங்கும். தாய்ப் பறவை அஞ்சி ஓடும். எஞ்சியுள்ள புதர்வெளிகளோ ஆடு மேயாவிடில் புதர் மண்டி அழியும். 1953-இல் வந்த கொள்ளைநோயால் முயல்கள் மடிந்தபோது இதனைக் கண்கூடாகக் கண்டனர். ஒருகாலத்தில் நிலத்தைப் பாழாக்கிய முயலே, பின்னாளில் அவ்வெளியைக் காத்தும் வந்தது என்பதை அது இல்லாதபோதுதான் உணர்ந்தனர்.

மாணவ நண்பர்களே, தெட்ஃபோர்டில் பைன் நட்டவர்கள் போருக்கு மரம் வேண்டுமென்றே நட்டனர்; பின்னாளில் அவ்வழியே பள்ளிச் சிறுவர் மிதிவண்டியில் களித்துச் செல்வர் என்று எண்ணவில்லை. காட்டை முதலில் அழித்தவர்களும் மணல் எழும் என்று எண்ணவில்லை. நாம் செய்வதன் பயன் நாம் காணாத காலத்தில் பிறரைச் சேர்கிறது. ஆகையால் ஒரு பாதையில் செல்லும்போது, இதனை இட்டவர் யார், இதற்காக இழந்தவர் யார், இது திறந்திருக்கக் காவல் நின்றவர் யார் என்று கேளுங்கள். அம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடத் தொடங்கினால் நீங்கள் வரலாறு கற்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பேன்.