தங்க இடம் உண்டா?

என் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பிரான்சில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக் கடிதம், வங்கிக் கணக்கு எல்லாம் தயார். விசா மனுவோடு வைக்க ஒரே ஒரு தாள்தான் பாக்கி. போய் இறங்கினால் எங்கே தங்குவாள் என்பதற்கான சான்று அது.

"தாத்தா, சிலர் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' வாங்கு என்கிறார்கள், சிலர் 'தெபெர்ழ்மான்' போதும் என்கிறார்கள். எது சரி?" என்று கேட்டாள்.

நம் ஊரில் பலரும் இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, மூன்று மாதத்துக்கு மேற்படாமல் உறவினரைப் பார்த்துவரப் போகிறவர்களுக்கு. அங்கே அழைப்பவர் தம் ஊர் மேரிக்குப் போய், 30 யூரோ முத்திரை செலுத்தி, மேயரின் கையொப்பத்தோடு வாங்க வேண்டும். இரண்டாவது சாதாரணக் கடிதம். 'இன்னாரை என் வீட்டில் தங்க வைத்துக்கொள்கிறேன்' என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திட்டு, தம் அடையாள அட்டை நகலையும் மின்சார பில் போன்ற ஒரு முகவரிச் சான்றையும் சேர்த்தால் போதும். படிக்கப் போகிறவர்களுக்கு இதுதான். மாணவர் விடுதி அறை உறுதியானாலும், வாடகை ஒப்பந்தம் இருந்தாலும் சரி. 1955-இல் ஏற்பட்ட 'குரூஸ்' என்னும் அரசு மாணவர் நல அமைப்பு விடுதிகளை நடத்துகிறது. பாரீஸ் பல்கலைக்கழக விடுதி வளாகத்தில் 1968 முதல் 'இந்திய இல்லம்' ஒன்றும் உண்டு. ஆனால் கேட்பவர்கள் அதிகம், அறைகள் குறைவு. பேத்திக்கும் கிடைக்கவில்லை. மிஞ்சியது உறவுதான்.

பிரான்சில் எங்களுக்கு உறவு என்றால் சித்தப்பா குடும்பம். அவர்களிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பழைய கதை ஒன்று உண்டு.

1962 ஆகஸ்ட் 16-இல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்தவர்கள் அப்படியே தொடர விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் 'ஒப்சியோன்' என்றார்கள். சொல்தாவாக இருந்த சித்தப்பா கையெழுத்துப் போட்டார். உள்ளூரில் உத்தியோகம் பார்த்த அப்பா போடவில்லை. ஒரே வீட்டில் பிறந்து ஒரே பாயில் படுத்த அண்ணன் தம்பி, இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். அன்று யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

1995-இல் அப்பாவுக்குத் தம்பியைப் பார்த்துவர ஆசை வந்தது. உறவினரை அழைப்பவர் 'செர்த்திஃபிக்கா தெபெர்ழ்மான்' தர வேண்டும் என்ற விதி 1982-இல் வந்தது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது. வீட்டில் இட வசதி போதாது என்று தோன்றினால் மேயர் மறுக்கலாம், வீட்டைப் பார்த்துவர ஆளும் அனுப்பலாம். சித்தப்பா மேரிக்குப் போனார். எத்தனை அறை, எத்தனை சதுர மீட்டர், எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். சான்று கிடைக்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அப்பா படித்துவிட்டு, "பாவம், அவன் என்ன செய்வான்" என்று மடித்து வைத்தார். அடுத்த ஆண்டு போய்விட்டார். அண்ணனும் தம்பியும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை.

1997-இல் இந்த விவகாரம் பிரான்சையே உலுக்கியது. விருந்தினர் புறப்பட்டுப் போனதையும் வீட்டுக்காரர் மேரியில் தெரிவிக்க வேண்டும் என்று அமைச்சர் தெப்ரே சட்ட மசோதா கொண்டுவந்தார். திரைப்பட இயக்குநர்கள் எதிர்த்து அறிக்கை விட்டார்கள். பிப்ரவரி 22-இல் பாரீஸ் தெருக்களில் பெரும் ஊர்வலம். சிலர் கையில் பெட்டியோடு வந்தார்கள். அந்த விதி கைவிடப்பட்டது. 1998-இல் பழைய சான்றையே ஒழித்து, எளிமையான 'தக்கேய்' முறையைக் கொண்டுவந்தார்கள். 2003-இல் மேயருக்கு மறுக்கும் அதிகாரம் திரும்பி வந்தது. இப்படி ஒரு தாள் இறுகுவதும் தளர்வதுமாக இருந்திருக்கிறது. அப்பா மட்டும் இறுகிய காலத்தில் மாட்டிக்கொண்டார்.

கடைசியில் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சித்தப்பா மகனுக்குப் போன் செய்தேன். "தம்பி, உன் வீட்டில் இடம் இருக்குமா?" என்று கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"என்னண்ணே இப்படிக் கேட்கிறீங்க? பெரியப்பா விஷயத்துல அப்பா சாகிற வரைக்கும் புலம்பினார். பிள்ளையை அனுப்புங்க" என்றான்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. பிரெஞ்சில் நாலே வரி. 'என் வீட்டில் இலவசமாகத் தங்க வைத்துக்கொள்கிறேன்' என்று வழக்கமான வாசகம்தான். பள்ளி நாள் முதல் எத்தனையோ பிரெஞ்சுக் காகிதம் படித்தவன் நான். இதை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

பேத்திக்கு விசா வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் யாராவது புறப்படுவதாக இருந்தால், முதலில் எந்தத் தாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கூச்சப்படாமல் கேளுங்கள்.