மீட்டருக்குப் பக்கத்து வால்வு

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் குழாய்ச் சாமான் விற்கிறவனுக்கு, கொண்டுவரும் உடைந்த துண்டைப் பார்த்தாலே வீட்டின் வயது தெரிந்துவிடும். துரு ஏறி உள்வாய் அடைத்த ஜி.ஐ. எல்போ என்றால் கோட்டைக்குள் இருக்கும் பழைய வீடு. வெயிலில் வெளுத்து விரிசல் விட்ட பி.வி.சி. என்றால் மணக்காடு, ஆற்றுக்கால் பக்கம் பிற்பாடு மாடி எழுப்பிய வீடு. மலையாளத்துக்காரர் "சேட்டா, பைப்பு பொட்டி" என்று குழாய் வெடித்த சேதியோடு ஓடிவருவார். நம்மாட்கள் "அண்ணாச்சி, தண்ணி நிக்கல" என்பார்கள். இருவரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "வால்வை அடைச்சாச்சா?" பாதிப் பேருக்கு வால்வு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இந்த ஊரின் தண்ணீர்க் கதையையே அதிலிருந்து சொல்லலாம் என்று எனக்குத் தோன்றும்.

குழாய் வருமுன் கிழக்கேகோட்டைக்குத் தண்ணீர் வாய்க்காலில் வந்தது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் கிள்ளியாற்றை மருதங்குழியில் தடுத்து, கொச்சாறு என்ற வாய்க்கால் வழியாகப் பத்மதீர்த்தக் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். குடிக்கவும் சமைக்கவும் அக்கிரகாரத்து வீடுகளில் கிணறு. அந்தக் காலத்து அவசரம் என்றால், கயிறு அறுந்து வாளி கிணற்றில் விழுவதுதான். அதற்குப் பாதாளக் கரண்டி வேண்டும். தெருவுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் அதை எடுத்துப் போவார்களாம், அப்பா சொல்லியிருக்கிறார். கரண்டி யார் வீட்டில் இருக்கிறது என்று தெருவில் குழந்தைக்கும் தெரியும். பழுதும் அதைச் சரிசெய்யும் வழியும் வீட்டுக்காரர் கண்ணெதிரே இருந்த காலம் அது.

1933-ல் அது மாறியது. கரமனையாற்றில் அருவிக்கரையில் அணை கட்டி, சுமார் 15 கிலோமீட்டர் குழாயில் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மகாராணி சேது லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது தொடங்கிய வேலை, மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில் முடிந்தது. திறந்துவைத்தவர் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு; அவர் பெயரையே அந்தத் திட்டத்துக்கு வைத்தார்கள். வெள்ளயம்பலத்தில் வடிகட்டி நகரத்துக்கு அனுப்பினார்கள். நட்சத்திரம் பார்க்க 1837-ல் கட்டிடம் எழுந்த அப்சர்வேட்டரி குன்றிலும் பின்னாளில் பெரிய தொட்டிகள் வந்தன. குன்றின் மேல் தொட்டி, பள்ளத்தில் கிழக்கேகோட்டை. பத்து மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடும். ஊர் தூங்கும் நேரத்தில் யாரும் குழாயைத் திறப்பதில்லை. அழுத்தம் முழுவதும் குழாய்ச் சுவரில் வந்து உட்காரும். குழாய்கள் பெரும்பாலும் நள்ளிரவில் வெடிப்பது அதனால்தான். காலை கடை திறக்குமுன் ஷட்டர் பக்கத்தில் ஆள் காத்து நிற்பதற்கும் அதுதான் காரணம்.

இன்று வீட்டில் நாம் திருகும் குழாயின் அமைப்பு 1845-ல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளைப் பட்டறையில் உருவானது. அதற்கு முந்தைய குழாய்களில் துளையிட்ட கட்டை ஒன்றைக் கால் சுற்று திருப்பினால் சட்டென்று அடைபடும். ஓடுகிற தண்ணீர் திடீரென நின்றால் அதன் வேகமெல்லாம் குழாயையே அறையும், மூட்டுகள் விட்டுப்போகும். திருகு வைத்து, அடியில் தோல் வாஷர் போட்டு, மெல்ல அடைக்கும்படி செய்தார்கள். தோல் போய் ரப்பர் வந்தது. எங்கள் கடையில் இன்றும் அதிகம் போகும் சாமான் அந்த வாஷர்தான். ஆனால் இப்போது எல்லோரும் கேட்பது கால் சுற்றில் மூடும் பால் வால்வு. பழைய ஆபத்து புது உருவில் திரும்பியிருக்கிறது. அதனால் வாங்குகிறவரிடம், "மெதுவா மூடுங்க" என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

அப்பா கடை வைத்த காலத்தில் ஜி.ஐ. பைப்பும் சணல் நாரும் வெள்ளை ஈயக் களிம்பும்தான். பைப்பை வைஸில் பிடித்து, டை போட்டு மரை வெட்டி, மரையில் நாரைச் சுற்றி, களிம்பு தடவி முறுக்குவார்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த பிளம்பர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். அந்த ஊர்கள் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பரில் சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தது. ஆனாலும் இவர்கள் வேலைக்கு வந்த பாதை மாறவில்லை. வெறுங்கையால் ஈயக் களிம்பைத் தொட்டு வேலை செய்து, அதே கையோடு சோறு சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். ஈயம் உடம்புக்குள் போகும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அணை கட்டியவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. வீடு வீடாகத் தண்ணீரை ஏற்றிய இந்தக் கைகளைப் பற்றி ஒரு வரியும் எங்கும் எழுதப்படவில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

அவர்களிடம் கற்றதைத்தான் இன்றும் சொல்கிறேன். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சின்னச் சக்கரம் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. இரவில் சுவரில் காதை வைத்தால் சீறல் கேட்கும். குழாய் வெடித்தால் முதலில் மீட்டருக்குப் பக்கத்து வால்வு. மேல்தொட்டியிலிருந்து வரும் வழி என்றால் தொட்டியடி வால்வு. பிறகு வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடியவிட வேண்டும். தண்ணீர் மின்பலகைப் பக்கம் போகிறதென்றால், ஈரத்தில் கால் வைக்காமல் மெயினை அணைக்க முடிந்தால் மட்டும் அணைக்கலாம். இல்லாவிட்டால் எட்ட நின்று மின்சார அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இறுக்கிச் சுற்றினால் ஊசித்துளை ஒழுக்கு விடியும்வரை நிற்கும். மீட்டருக்கு வெளியே தெருப் பக்கம் உடைந்தால் நாம் தொடக்கூடாது. 1984-ல் அமைந்த கேரள வாட்டர் அத்தாரிட்டிக்கு 1916 என்ற எண்ணில் சொல்ல வேண்டும்.

கழிவுநீரின் கதை வேறு. 1930களின் இறுதியில் இங்கே பாதாளச் சாக்கடை வேலை தொடங்கியது. கழிவுநீர் வலியதுறைப் பண்ணைக்குப் போய்ப் புல் வளர்த்தது. 2013-ல் முட்டத்தறையில் ஒரு நாளைக்கு 10.7 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. ஆனாலும் துலா மழை கொட்டினால் பழவங்காடியும் தம்பானூரும் மிதக்கும். மழைநீர் சாக்கடைக் குழாயில் புகுந்து வீட்டுக் குளியலறையில் பொங்கும். மாடியில் குளிக்கும்போது கீழே சாக்கடை வாயில் குமிழி விட்டால் அடைப்பு பொது வழியில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மேலும் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் முதல் காரியம். ஆசிட் ஊற்றவே கூடாது. அடுத்து அந்த அடைப்பைத் திறப்பவர் கண்ணில் அது தெறிக்கும். மூங்கில் பத்தையோடு ஆளை மேன்ஹோலுக்குள் இறக்கிய பழக்கத்தை, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்த 2013 சட்டம் குற்றமாக்கியது. 2018-ல் இந்த ஊரில் இயங்கும் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் செய்த பாண்டிகூட் எந்திரம் இங்கே மேன்ஹோலுக்குள் இறங்கியது. இந்த நகரத்தில் நான் பெருமைப்படுவது அதற்குத்தான். அப்படியிருந்தும் 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் ஓடையைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒரு தொழிலாளி உயிரோடு திரும்பவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில், நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டிப்பாக்குவதற்காகப் பெரிய குழாய்களை மாற்றிப் போட்டபோது 44 வார்டுகளில் தண்ணீர் நின்றது. இரண்டு நாள் என்று தொடங்கியது நீண்டுபோய், 9-ம் தேதி பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. எங்கள் கடையில் கூட்டம் வந்தது தண்ணீர் திரும்பிய பிறகுதான். திறந்தபடி விட்ட குழாய்களில் இரவில் தண்ணீர் வந்து வீடு நிறைந்தவர்கள், வாஷரடியில் மண் சிக்கிக் குழாய் மூடாதவர்கள், மிதவை வால்வு இறுகித் தொட்டி வழிந்தவர்கள். நிற்கும்போதே எல்லாக் குழாயையும் மூடிவைத்து, வந்ததும் முற்றத்துக் குழாயில் கலங்கலை ஓடவிட்டிருந்தால் பாதி சேதம் இல்லை.

இப்போது வீடு கட்டுகிறவர்கள் அழகுக்காக வால்வை டைல்ஸுக்குள் புதைக்கிறார்கள். நான் சண்டை போடுவது அதற்கு மட்டும்தான். கையளவு மூடி வைத்து வழிவிடச் சொல்வேன். மாதம் ஒருமுறை வால்வைத் திருகிப் பார்க்கச் சொல்வேன், இல்லையென்றால் உப்புப் பிடித்து அவசரத்தில் அசையாது. வீட்டம்மாவும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் அதைக் கையால் திருகிப் பார்த்திருக்க வேண்டும். குழாய் வெடிக்கும்போது வீட்டில் பெரும்பாலும் இருப்பவர்கள் அவர்கள்தான்.