வேளஞ்சேரி மண்ணும் இல்லத்துச் சுவடிப் பெட்டியும்

தொண்டை மண்டலத்தின் வடபால், அரக்கோணத்தை அடுத்த திருத்தணிக்கு அருகே வேளஞ்சேரி என்னும் சிற்றூர் உள்ளது. 1977ஆம் ஆண்டு அவ்வூர் மண்ணிலிருந்து இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் வெளிப்பட்டன. ஒன்று பல்லவ மன்னன் அபராசிதன் காலத்தது. மற்றொன்று முதற் பராந்தக சோழன் காலத்தது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவற்றைப் படித்து 1979இல் வெளியிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட அபராசிதனைப் பற்றி அதுவரை அறிந்திருந்தது சிறிதே. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலை நம்பி அப்பி என்பார் கற்றளியாக எடுத்ததும், அம்மன்னனே பாடிய வெண்பா அங்குக் கல்லில் வெட்டப்பட்டதும் அறிஞர் அறிந்தவை. செப்பேடு கிடைத்த பிறகு அவனுடைய குலமும் கொடையும் மேலும் தெளிவுற்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழைமையுடைய அவ்வெழுத்தைக் காத்துத் தந்தது எந்த அருங்காட்சியகமும் அன்று, வெறும் மண்.

இதனைக் கண்டு மண்ணே சிறந்த பெட்டகம் என்று முடிவு கட்டிவிடலாகாது. புதைந்து மீண்டவை மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன; புதைந்து உருத்தெரியாமல் கரைந்தவற்றைக் கணக்கிட ஒருவரும் இல்லை. செம்பு தடிப்பானது, எழுத்து ஆழமானது, ஆதலால் பிழைத்தது. கல்லுக்கு அந்தக் கவலையும் இல்லை. கங்க மன்னன் இராசமல்லன் வள்ளிமலையில் செய்வித்த சமணக் குகையும், அதன் பாறைப் புடைப்பில் அமர்ந்த தீர்த்தங்கரர் உருவங்களும் இன்றும் வெயிலையும் மழையையும் பொருட்படுத்தாமல் இருக்கின்றன. 949ஆம் ஆண்டு அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இராசாதித்த சோழன் யானைமேல் துஞ்சிய செய்தியைக் கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பனையோலையின் நிலை வேறு. தமிழகத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஓலைச்சுவடி இருநூறு முந்நூறு ஆண்டுகள் நிலைத்தாலே பெரிது. அப்படியாயின் பத்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சீவக சிந்தாமணி எவ்வாறு நம் கைக்கு வந்தது? யாரோ ஒருவர் படித்தார். யாரோ ஒருவர் பெயர்த்தெழுதினார். ஒவ்வொரு தலைமுறையிலும் ஓர் இல்லத்தார் அதனைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து மீண்டும் வைத்தனர். வேறு விடை இல்லை. 1880ஆம் ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பின்னரே உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியின்பால் திரும்பினார் என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் நூலின் பொருளில் அவர் தடுமாறிய இடங்களில் கைகொடுத்தவர்கள் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தார். சந்திரநாத செட்டியார் அவரை அழைத்துச் சென்ற இல்லத்தில் சிந்தாமணி பாராயணம் நடந்துகொண்டிருந்தது. புலவர்கள் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த ஒரு காப்பியம், ஒரு வீட்டுக் கூடத்தில் வாழும் நூலாக இருந்தது. 1887இல் அச்சேறிய பதிப்புக்குப் பின்னால் அந்தக் கூடமும், அங்கிருந்த பெட்டியும் நிற்கின்றன. பதிப்பாசிரியரின் உழைப்பைப் போற்றும் நூல்கள் பல. பெட்டியைப் போற்றிய நூல் அரிது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி சமணக் காப்பியம். அதன் ஏட்டைத் தம் இளமையில் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் கண்டதாகவும், பின்னர்த் தேடியபோது அது அகப்படவில்லை எனவும் சாமிநாதையர் எழுதியிருக்கிறார். இன்று எஞ்சியவை ஏறத்தாழ 72 பாடல்களே. ஒருவர் வாழ்நாளுக்குள், கண்ணெதிரே இருந்த ஒரு காப்பியம் இல்லாமற் போயிற்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளைத் தீக்கு ஆகுதியாக்கிவிட்டனர் என்று கேட்டு அவர் மனம் நொந்ததும், ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் பல நூல்களைக் கொண்டுபோனதும் இத்துடன் எண்ணத்தக்கவை. அவ்வாறு செய்தோர் பகைவர் அல்லர், பக்தியோடுதான் செய்தனர்.

காத்தவர் தம் சமயநூலை மட்டும் காக்கவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியம் மறைந்தது. அதனை மறுக்க எழுந்த நீலகேசியும் அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் இயற்றிய உரையும் சமணர் இல்லங்களில் பிழைத்து, 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரால் அச்சேறின. குண்டலகேசியைப் பற்றி இன்று அறியக் கிடைப்பதில் ஒரு பகுதி அவ்வுரை தந்தது. மறுத்தவர் பெட்டியில் மறுக்கப்பட்டவர் நூலும் ஓரளவு உயிர் பிழைத்தது!

முன்னோர் சுவடியைக் காத்த முறை செலவு மிகுந்ததன்று. ஓலையைப் பதப்படுத்தி, இரு துளையிட்டு, ஒரு துளையில் நாராசம் என்னும் குச்சியோ செப்புக் கம்பியோ செருகி, மற்றதில் கயிறு கோத்தனர். கயிற்றின் முனையில் உருவிப் போகாதவாறு கட்டிய ஓலைத்துண்டுக்குக் கிளிமூக்கு என்று பெயர். மேலும் கீழும் சட்டம் வைத்து இறுகக் கட்டினால் ஓலை வளையாது. இடையில் காற்றும் பூச்சியும் புகா. மஞ்சள், ஊமத்தையிலைச் சாறு, மாவிலைக் கரி முதலியவற்றைக் கூட்டித் தடவியது எழுத்து விளங்குவதற்கு மட்டுமன்றி, ஓலையைப் பூச்சி அணுகாமல் இருப்பதற்கும் ஆயிற்று. மேலே துணியைச் சுற்றிப் பெட்டியில் வசம்பை இட்டனர். துணி ஈரத்தை உடனே உள்ளே விடாது. உள்ளிருக்கும் ஈரத்தை அடைத்தும் வைக்காது. இன்றைய அருங்காட்சியகக் காப்பாளர் வெளுக்காத பருத்தித் துணியைப் பரிந்துரைப்பதும் இக்காரணம் பற்றியே.

இம்முறைக்குக் காவலாக ஒரு திருநாளே அமைந்திருந்தது. சேட்ட மாத வளர்பிறை ஐந்தாம் நாளாகிய சுருத பஞ்சமி, தரசேனாசாரியரிடம் கற்ற புட்பதந்தரும் பூதபலியும் ஆகமத்தை ஏட்டில் ஏற்றி நிறைவு செய்த நாள் என்பது மரபு. பூதபலியார் திரமிள நாடாகிய தமிழகம் நோக்கி வந்தார் என்று தவளை உரை கூறுவதால் இந்நாள் தமிழ்ச் சமணர்க்குத் தனி உரிமை உடையது. அன்று நூல்களை வெளியே எடுத்து, தூசு தட்டி, பழைய துணியை மாற்றிப் பூசிப்பர். வழிபாடு என்ற பெயரில் ஆண்டுதோறும் நடந்த தணிக்கை இது. கறையான் தொடங்கியிருந்தால் அன்றே தெரிந்துவிடும். அவ்வாகமமாகிய சட்கண்டாகமத்தின் பழைய ஏடுகள் மூடபித்ரியின் சித்தாந்த பசதியில் பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டு, 1939 முதல் ஈராலால் ஜைனர் பதிப்பில் 16 தொகுதிகளாக உலகிற்கு வந்தன. ஒரே இடத்தில் இருந்த நூல் அத்தனை காலம் தப்பியது பேறு. ஆனால் பேற்றை நம்பி இருத்தல் அறிவுடைமை ஆகாது. பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பை என்னும் பெருமாட்டி பொன்னகவியின் சாந்திபுராணத்தை 1000 படிகள் எழுதுவித்து வழங்கியது சாத்திர தானத்தின் உச்சம். படிகள் பலவாதல் போல நூலுக்கு வேறு காப்பு இல்லை.

இனி இற்றை நிலை. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் வேரூன்றிய குடும்பங்கள் பணியின் பொருட்டு அரக்கோணம், சென்னை, அதற்கு அப்பாலும் இடம் பெயர்கின்றன. ஊரில் ஓட்டு வீடு இடிக்கப்பட்டு மாடி வீடு எழுகிறது. பரணில் இருந்த மரப்பெட்டி இறங்குகிறது. அதில் இரண்டு சுவடி, கையகலச் செப்புப் படிமம், தாத்தாவின் கணக்குப் பேரேடு, மணமலர், மங்கிய நிழற்படம், பாட்டி ஓதிய துதிநூல் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு இடம் எது? பழம்பொருள் வாங்குவோர் வாயிலில் நிற்கின்றனர். பழைய இரும்பு எடுப்போரும் நிற்கின்றனர். ஒரு சுவடியின் வாழ்வு முடிவது பெரும்பாலும் இத்தகைய ஒரு பிற்பகலில்தான்.

உலோகப் பொருளைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். தவறு மிகுதியாக நேர்வது அங்கேதான். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தோன்றியது. 1930இல் அங்கு வேதியியல் காப்பாய்வுக் கூடம் அமைந்தது, ச. பரமசிவன் அதன் முதற் பொறுப்பாளர். செப்புத் திருமேனிகளில் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உள்ளே அரித்துச் செல்லும் நோயை மின்பகுப்பு முறையால் நீக்கும் பணி அங்கு நடந்தது. குளோரைடு உப்பும் ஈரமும் கூடுவதே அந்நோய்க்குக் காரணம். உப்பு உலோகத்தின் உள்ளே இருந்தாலும், காற்று வறண்டிருந்தால் நோய் உறங்கும்; மழைக்காலத்தில் விழிக்கும். கரும்பச்சையாக, வழுவழுப்பாக, ஒட்டியிருக்கும் களிம்பு தீங்கற்றது. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடியே தீங்கு. இவ்வேறுபாட்டை அறியாமல் பளபளப்பு வேண்டிப் புளியும் கடைப்பொடியும் இட்டுத் தேய்ப்பதால், பீடத்தில் வெட்டிய கொடையாளர் பெயரும் ஊர்ப்பெயரும் தேய்ந்து போகின்றன. குடும்பத்தின் முன்னோர் பெயரைக் குடும்பத்தாரே அழிக்கும் செயல் அது. நாள்தோறும் திருமுழுக்கு நிகழும் படிமமாயின், பாலும் இளநீரும் இடுக்குகளில் தங்காதவாறு நல்ல நீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தினாலே போதும்.

இடர் ஏழை இல்லங்களுக்கு மட்டும் உரியதன்று. உரோம் நகரில் உள்ள இக்ரோம் என்னும் பன்னாட்டுப் பண்பாட்டுக் காப்பு மையமும் யுனெசுகோவும் 2011இல் அருங்காட்சியகங்களிடையே ஆய்வு நடத்தின. சேமிப்பறைகளில் உள்ள பொருள்களில் 60 விழுக்காடு இடருக்கு உட்பட்டவை என்று அதில் தெரியவந்தது. அதன் பின் அம்மையம் சிறு அருங்காட்சியகங்களுக்கு வகுத்தளித்த வழிமுறையின் சாரம் எளியது: எந்தப் பொருளும் தரையில் இருத்தல் ஆகாது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும், எதனையும் சில நிமிடங்களில் எடுக்க இயல வேண்டும். இதற்கு மாளிகை வேண்டுவதில்லை.

ஓர் இல்லத்தில் இதனை நடத்த வேண்டுமாயின் சில நூறு ரூபாயில் தொடங்கலாம். உணவுப்பொருள் வைக்கும் தரமான பாலிபுரொப்பிலீன் மூடிப்பெட்டி உலோகச் சிறுபொருள்களுக்கு ஏற்றது. அதனுள் சிலிகா ஜெல் பையை இட்டு, நிறம் மாறும்போது உலர்த்தி மீண்டும் இடலாம். ஆனால் அதே சிலிகா ஜெல்லை ஓலையுடன் அடைத்தால் ஓலை வறண்டு முறியும். ஓலைக்கு மிகு வறட்சியும் பகை, மிகு ஈரமும் பகை. அதனைச் சட்டத்தோடு காடாத் துணியில் சுற்றி, காற்றாடும் அலமாரியில் கிடைமட்டமாக வைத்தலே தகும். பி.வி.சி. உறை, ரப்பர் வளையம், செய்தித்தாள், ஒட்டுநாடா நான்கும் விலக்கத்தக்கவை. நிழற்படத்தை லேமினேஷன் செய்வது அதனைக் கொல்வதற்கு ஒப்பு. தகர டிரங்குப் பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் உட்புறம் வியர்க்கும். சித்திரை, வைகாசியில் திருத்தணிப் பக்கத்து வெயில் 40 பாகையைக் கடப்பது இயல்பு. அக்காலத்தில் மொட்டைமாடிக்கு அடியில் உள்ள பரண் அடுப்புக்கு நிகர். உள்ளறைச் சுவரை ஒட்டிய, தரைக்கு மேல் ஒரு சாண் உயர்ந்த தட்டே நல்ல இடம்.

பூச்சியைப் பற்றிய கேள்வி சமண இல்லத்தில் தனியாக எழுவது இயல்பு. நஞ்சு தெளித்துக் கொல்லுதல் அறத்துக்கு மாறு. கொல்லாது விட்டால் நூல் மாறு. இவ்விரண்டுக்கும் இடையே முன்னோர் கண்ட வழி, பூச்சி வருவதற்கு முன்னரே தடுத்தல். வசம்பும் வேப்பிலையும் விரட்டுவன, கொல்வன அல்ல. உணவுத் துணுக்கு இல்லாத அறை, மாதம் ஒருமுறை திறந்து பார்த்தல், சுவரிலிருந்து நான்கு விரல் விலக்கி நிறுத்திய அலமாரி ஆகியவை இருந்தால் நஞ்சுக்கு வேலையே இல்லை. உலக அருங்காட்சியகங்களும் நஞ்சுப்புகையின் தீங்கு கண்டு, தடுத்தலையே முதல் நெறியாகக் கொண்டுவிட்டன. அகிம்சை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று நகைப்போர் இச்செய்தியைக் கருதிப் பார்க்கலாம்.

எஞ்சியது எழுத்து வேலை. வேளஞ்சேரிச் செப்பேடு தன் கதையைத் தானே சொல்லும். தாத்தாவின் படிமம் சொல்லாது. அது எவ்வூர்ச் சினாலயத்தோடு தொடர்புடையது, யார் கொணர்ந்தார், எந்த நோன்புக்கு எடுக்கப்பட்டது என்பவை முதியோர் நினைவில் மட்டும் உள்ளன. ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் பெட்டியில் இடுதல் வேண்டும். மை ஈரத்தில் பரவும், பென்சில் பரவாது. சுவடியின் ஒவ்வோர் ஏட்டையும் கைப்பேசியால் இருபுறமும் படமெடுத்து, இரண்டு உறவினர் வீடுகளில் படி வைத்தல் இக்காலச் சாத்திர தானம். வீட்டில் காக்க இயலாதவர்க்கு 1869இல் தோன்றிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், 1943இல் நிறுவப்பட்ட உ. வே. சா. நூலகமும் உள்ளன, மேல்சித்தாமூர் மடமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பொருளும் 75 ஆண்டு கடந்த சுவடியும் தொல்பொருளாகக் கருதப்படும். உலோகப் படிமம் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு அலுவலரிடம் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு செய்தால் பொருள் பறிபோகும் என்ற அச்சம் பல இல்லங்களில் உண்டு. பதிவு உரிமையைப் பறிப்பதில்லை. களவு நேர்ந்து, படிமம் வேற்று நாட்டு ஏலத்தில் தோன்றுமாயின், அதனை மீட்கத் துணைநிற்பவை அப்பதிவும் ஒரு தெளிவான நிழற்படமும், பீடத்து எழுத்தின் படியும் ஆகும்.