பேறுகாலத் துணை: மருத்துவச்சி முதல் பிரசவ அறைத் துணையாள் வரை
(உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து)

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) ஊர் நிர்வாகத்தை நுணுக்கமாகப் பதிந்து வைத்திருக்கின்றன. குடவோலையில் பெயர் எழுதப்படுபவருக்கு எத்தனை வயது, எவ்வளவு நிலம், யாருக்குத் தகுதி இல்லை என்பதெல்லாம் அங்கே உண்டு. பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர், நாவிதர் ஆகியோருக்கு அளந்த நெல்லின் கணக்கும் அதில் இருக்கிறது. ஊரின் ஒவ்வொரு வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த பேறுகாலத் துணைக்கு இப்படியொரு கல் பதிவு வாய்க்கவில்லை. அதன் வரலாற்றைச் சடங்கு, வழக்காறு, சட்டம், அரசாணை, கள ஆய்வு ஆகியவற்றிலிருந்து கோத்தெடுக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளையை எடுப்பது, கூடவே இருந்து பார்த்துக்கொள்வது என இரண்டு வேலைகள் இந்த வரலாற்றில் ஓடுகின்றன. பழைய முறையில் இரண்டும் ஒட்டியே இருந்தன. முதல் வேலையை மருத்துவமனை ஏற்றுக்கொண்டபோது இரண்டாவது கவனிப்பாரற்றுப் போனது. 2004இல் அதன் ஒரு பாதி மட்டும் திரும்பி வந்தது. இக்கட்டுரை சொல்ல முனைவது இதைத்தான்.

துணையில்லாத பிரசவம் குறித்த அச்சம் தமிழ் மரபில் ஆழமானது. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சாலையோரம் நடப்பட்ட சுமைதாங்கிக் கற்கள் அந்த அச்சத்தின் சாட்சி. இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை யாரோ ஒரு வழிப்போக்கர் இறக்கி வைக்கட்டும் என்பது அதன் பொருள். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் தலபுராணமும் இந்த அச்சத்தில் பிறந்ததே. காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர முடியாமல் தவிக்கும் மகளுக்குச் சிவனே தாயாக வந்து பிரசவம் பார்க்கிறார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்ற வழக்கத்தின் வேரும் அதுதான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போவது, அவளுக்குக் கூடமாட ஆள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டின் நடுவே இருந்தவர் மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். சேரிகளில் அனுபவமுள்ள மூதாட்டியே அந்த வேலையைச் செய்தார். இடுப்பு வலி கண்டவுடன் ஆள் அனுப்புவார்கள். வந்தவர் முதலில் பார்ப்பது இது சூட்டு வலியா, பிள்ளை வலியா என்பதை. சீரகம் கொதிக்கவைத்துக் கொடுத்துப் பார்ப்பார். வலி அடங்கினால் சூடு. அடங்காவிட்டால் விளக்கெண்ணெய் தடவி இடுப்பை அழுத்திவிடுவார், நடக்கச் சொல்வார், உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து முக்கச் சொல்வார். நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் அவர் வேலை முடிவதில்லை. பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் ஊற்றுவது, வயிற்றில் பழந்துணியை இறுக்கிக் கட்டுவது, நீட்டிய கால்களில் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டுவது, பால் கட்டிக்கொண்டால் ஒத்தடம் கொடுப்பது என்று தீட்டுக் கழியும்வரை வந்து போவார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம் சேர்த்துக் கிண்டிய லேகியமும் பூண்டுக் குழம்புமாகப் பத்தியத்தைத் தாயும் பாட்டியும் பார்த்துக்கொள்வார்கள்.

இதைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தொப்புள்கொடியை அரிவாளாலும் மூங்கில் சிம்பாலும் அறுத்தார்கள், சாம்பல் வைத்தார்கள். ரணஜன்னி கண்டு இறந்த சிசுக்கள் ஏராளம். சீம்பாலைப் பீய்ச்சிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைத்தார்கள். உதிரப்போக்கு வந்தால் மருத்துவச்சியிடம் விடை இல்லை. அவருக்குக் கிடைத்ததோ படி நெல்லும் பழைய புடவையும் வெற்றிலை பாக்கும். பிள்ளையை முதலில் தொட்ட அந்தக் கைகளையே தீட்டு என்று ஒதுக்கிவைத்த சாதி வழக்கம், அவர் அறிவை ஒருபோதும் அறிவாக மதித்ததில்லை. பின்னால் வந்த நிர்வாகம் அவரை அவ்வளவு எளிதாக ஓரங்கட்ட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையில் பிரசவ மருத்துவமனை 1844இல் தொடங்கப்பட்டது. பின்னர் எழும்பூருக்கு மாறி இன்றுவரை இயங்குகிறது. 1885இல் மேரி ஷார்லீப் முயற்சியால் கோஷா (திரைமறைவில் வாழும்) பெண்களுக்கென்று தனி மருத்துவமனை வந்தது. 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி, நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க முற்பட்டது. 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பதிவு பெற்றவர், பெறாதவர் என்று கோடு போட்டது. கிராமத்து மருத்துவச்சி கோட்டுக்கு வெளியே நின்றார். விடுதலைக்குப் பின் 1977இன் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் அவரைத் திரும்ப அழைத்தது. புது பிளேடும் சோப்பும் நூலும் கொண்ட பெட்டியும் கொஞ்ச நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். கை கழுவுவதைக் கற்பித்தார்கள். கூட இருக்கும் அவர் கலையை யாரும் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை.

பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறுவது வேகமெடுத்தது கடந்த முப்பது ஆண்டுகளில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியர்கள் முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு, பேறுகால இறப்பு ஒவ்வொன்றையும் தணிக்கை செய்வது, 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் ஆகியவை சேர்ந்து இதைச் சாதித்தன. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2001–03இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018–20இல் 54 ஆகக் குறைந்தது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது உயிர்காத்த சாதனை. இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்த அறைக்குள் பெண் தனியாகத்தான் போனாள். மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990களின் நடுவில் சென்னையிலும் அதையொட்டிய மீனவக் கிராமத்திலும் தங்கி எழுதிய நூல் (2003) இதைப் பதிவு செய்கிறது. திட்டும் கையூட்டும் வலியேற்றும் ஊசியும் உறவினர் வெளியே நிறுத்தப்படுவதும் பெண்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தன. ஃபிளாஸ்க்கோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு உள்ளே மகள் அலறுவது கேட்கும், போக முடியாது.

அந்தக் கதவைத் திறந்தது 2004ஆம் ஆண்டுத் தமிழக அரசின் ஆணை. அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் ஒரு பெண் துணையை அனுமதிக்க அது வழிசெய்தது. துணைக்கு வருபவர் தாமே பிள்ளை பெற்றவராக இருப்பது நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை வேண்டும். கடைசிவரை இருக்கச் சம்மதிக்க வேண்டும். செவிலியர் வேலையில் தலையிடவோ மற்றப் பெண்களைக் கவனிக்கவோ கூடாது. ஒன்றிய அரசு இதே போன்ற வழிகாட்டலை 2016இல்தான் நாடு முழுவதற்கும் வெளியிட்டது. தனிமறைப்பு உள்ள இடங்களில் கணவரையும் விடலாம் என்றது அது. வரிசையாகக் கட்டில் போட்ட பொது அறைகளில் இந்தச் சலுகைக்குப் பயனில்லை. ஒரு திரைச்சீலை இல்லாததால் தகப்பன் வெளியே நிற்கிறான்.

உலக அறிவியலும் இதே இடத்துக்கு வந்துசேர்ந்தது. ஆய்வாளர்கள் கிளவுஸ், கென்னல் குழுவினர் குவாத்தமாலாவில் நடத்தி 1980இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத ஒரு சாதாரணப் பெண் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிப் பேசிக்கொண்டிருந்ததிலேயே சிக்கலற்ற பிரசவத்தின் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. 17 நாடுகளின் 15,858 பெண்களை உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாய்வும், தொடர்ந்த துணை அறுவைப் பிரசவத்தைக் குறைக்கிறது என்று கண்டது. ‘டூலா’ என்ற பெயரில் இன்று சென்னையில் கட்டணத்துக்குக் கிடைப்பது இந்தத் துணைதான். உத்திரமேரூர்ப் பெண்ணுக்கு அந்தக் கட்டணம் எட்டாது.

திரும்பி வராத மறுபாதி, பிரசவத்துக்குப் பிந்தைய நாற்பது நாட்கள். தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவையில் முடிவதாக மேற்சொன்ன கணக்கெடுப்பு காட்டுகிறது. தையல் போட்ட வயிற்றோடு வீடு திரும்புபவளுக்குப் பிள்ளையைத் தூக்கவும் ஆள் வேண்டும். அவள் தாயோ நடவுக்கோ களையெடுப்பதற்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறாள். அண்ணி ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸில் விடிகாலையிலேயே கிளம்பிவிடுகிறாள். முத்துலட்சுமி ரெட்டி திட்டம் வழியாக ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி வருகிறது. ஒருவேளை உலை வைத்துவிட்டு அவளைத் தூங்கச் சொல்ல ஆள் வருவதில்லை. பக்கத்துச் செங்கற்பட்டில் 1981 முதல் இயங்கும் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் 1990களில் கருப்பை இறக்கம் பற்றி ஆய்ந்தபோது, ஓய்வில்லாத பேறுகாலத்தையும் கடும் உழைப்பையும் பெண்கள் அந்நோயோடு சேர்த்தே பேசினர். அந்த ஆய்வை உத்திரமேரூர் வயல்களிலும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

கிராம சுகாதார செவிலியர் பிரசவித்த வீடுகளுக்கு வருகிறார். ஆனால் தடுப்பூசி, பதிவேடு, கர்ப்பிணிக் கணக்கு என்று சுமார் ஐயாயிரம் பேரின் பொறுப்பு அவர் தோளில். மாற்று வழி மாநிலத்திடமே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களைப் பயிற்றுவித்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடுவீடாக அனுப்புகிறது. அதே பெண்களில் ஊருக்கு ஒருவருக்கு, பால் கொடுக்க உட்காரவைப்பது, தையலில் சீழ் தெரிகிறதா, உதிரம் மிகுகிறதா, தாய் காரணமின்றி அழுதுகொண்டிருக்கிறாளா என்று பார்ப்பது ஆகியவற்றில் பயிற்சியும் அதற்குரிய ஊதியமும் கொடுத்து நாற்பது நாள் அனுப்பலாம். எஞ்சியிருக்கும் முதிய மருத்துவச்சிகளை அந்தப் பயிற்சிக்கு ஆசிரியர்களாக அழைக்க வேண்டும்.