குன்றுகள் திருத்தும் கதைகள்: மதுரையைச் சுற்றி ஒரு நாள்

மதுரையை ஒரே நாளில் பார்த்துவிட நினைப்போரின் பாதை பெரும்பாலும் மாறுவதில்லை. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், பொழுதிருந்தால் அழகர்கோயில். பார்க்க வேண்டியவைதாம், ஐயமில்லை. ஆனால் இன்று நாம் அங்கே காணும் கட்டடங்களுள் பெரும்பகுதி நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது. மதுரையின் எழுதப்பட்ட வரலாறோ அதற்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த ஏடுகளைப் படிக்க நகரத்தை விட்டு வெளியேறி, வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே நிற்கும் பாறைக் குன்றுகளை நாட வேண்டும். கல்வெட்டறிந்த ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு புறப்பட்டால், மதுரையைப் பற்றி நாம் நம்பிவரும் இரண்டு கதைகளை அக்குன்றுகள் ஒரே நாளில் திருத்திவிடும். மதுரையின் வரலாறு மன்னர்களின் வரலாறு என்பது முதல் கதை. சமணம் இங்கே ஒரே நாளில் வேரறுக்கப்பட்டது என்பது இரண்டாவது.

வெயில் ஏறுமுன் மேலூர்ப் பக்கம் செல்வோம். மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் குன்றில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். அம்மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் நிறுவ முயன்றார். அதில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் இருப்பதை 1960களில் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். எழுத்து கண்ணெதிரே இருந்தும் அது பேசத் தொடங்க எண்பதாண்டுகள் ஆயின! கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் இக்கல்வெட்டுகளில் ஒன்று, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி என்பவன் கணி நந்தசிரி என்ற துறவிக்குப் பள்ளி அமைத்ததைச் சொல்கிறது. இன்னொன்றில் வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழுவினர் கொடையாளராக வருகின்றனர்.

பள்ளி என்றதும் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டா. இயற்கையான குகைத்தளம், அதன் தரையில் தலையணை போன்ற மேட்டுடன் வெட்டிய கற்படுக்கைகள், மழைநீர் உள்ளே வழியாமல் முகப்புப் பாறையில் வெட்டிய காடி. அவ்வளவே. கொடையளித்தவன் பெயரும் பெரும்பாலும் அந்தக் காடியை ஒட்டியே இருக்கும்.

அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டிக்கு மேலுள்ள குகைத்தளத்தில் இன்னும் பல பெயர்கள் காத்திருக்கின்றன. உப்பு வணிகன், அறுவை எனப்படும் துணி வணிகன், கொழு வணிகன், பாணிதம் என்ற வெல்லப்பாகு விற்றவன், பொற்கொல்லன். மதுரையைக் குறிக்கும் 'மத்திரை' என்ற சொல்லும் இங்குண்டு. சங்க இலக்கியத்தின் வழியே நாம் அறிந்த கூடல்நகரின் அங்காடித் தெரு, புலவரின் துணையின்றித் தானே வந்து கையெழுத்திட்ட இடம் இது. மன்னன் பெயர் இங்கே இல்லை. உப்பு விற்ற காசில் ஒருவன் துறவியின் படுக்கைக்குப் பங்களித்திருக்கிறான். முதல் கதை இவ்விடத்தில் திருத்தம் பெறுகிறது.

நண்பகலில் ஒத்தக்கடை யானைமலை. படுத்திருக்கும் யானை போன்ற இம்மலையை, சமணர்கள் மதுரைமீது ஏவிய யானையைச் சிவபெருமான் கல்லாக்கியதாகத் திருவிளையாடற் புராணம் கூறும். ஆனால் புராணம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே துறவியர் வாழ்ந்தனர். இதனை 'இவகுன்றம்' என்கிறது தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. இவம் என்றாலும் யானைதான். அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி கி.பி. 770இல் எடுப்பித்தான், அவன் மறைந்தபின் தம்பி மாறன் எயினன் பணியை முடித்தான். அதே மலையில் தீர்த்தங்கரர் திருமேனிகளும், அவற்றின்கீழ் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயரும் வட்டெழுத்தில் உள்ளன. இரு சமயங்களுக்கும் ஒரே மலை இடங்கொடுத்திருக்கிறது.

மாலையில் நகரின் மேற்கே கீழக்குயில்குடிச் சமணர்மலை. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும். செட்டிப்புடவுக் குகையின் பக்கவாட்டுப் பாறையில் பெரிய தீர்த்தங்கரர் திருமேனி. உள்ளே, சிங்கத்தின் மீதமர்ந்து யானைமேல் வரும் பகைவனோடு பொருதும் இயக்கி. பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக அமைந்த புடைப்புச் சிற்பங்களுள் ஒன்று அச்சணந்தியின் தாயார் குணமதியார் பெயரோடு இருக்கிறது. மலைமேல் கன்னடக் கல்வெட்டும் உண்டு.

இச்சிற்பங்களின் காலம் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகள். இங்கே நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். அவரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரியபுராணம் தரும் செய்தி. ஆனால் சம்பந்தருக்குப் பின் இரு நூற்றாண்டுகள் கழிந்தும், மதுரையின் கண்பார்வைத் தொலைவில் ஒரு துறவியின் தாய் தம் பெயர் பொறித்துத் திருமேனி செய்விக்கிறார். சமயப் பூசல் நிகழவே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் முற்றழிப்பு நிகழவில்லை என்று கல் சொல்கிறது. சமணம் மெல்ல மங்கிய பின்னும் குன்றுகள் கைவிடப்படவில்லை. படுக்கைகளுக்குப் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்று ஊரார் பெயரிட்டனர். அடிவாரத்தில் ஐயனார் காவலுக்கு வந்தார். பெயர் மாறியதால் காலமும் இடமும் தப்பின.

நம்பிக்கை காத்ததை வணிகம் அழிக்கப் பார்த்தது அண்மைக்காலச் செய்தி. மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரி முறைகேடுகளை விசாரிக்க 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் உ. சகாயத்தை நியமித்தது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பமும் இலகுலீசர் உருவங்கொண்ட சிவன் குடைவரையும் உள்ள அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தோடு சேர்ந்து 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 193.42 ஹெக்டேர். ஈராண்டுக்குள் அப்பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்திருந்தது! 2024 டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தனர். அம்மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை இரத்துச் செய்தது.

கல்வெட்டுகளைப் படியெடுத்து நூலாக்கிவிட்டோமே, மலை போனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். மைப்படி எழுத்தைக் காக்கும். அந்த எழுத்து எந்தச் சுனைக்கு அருகில், எந்த வணிகப் பாதையைப் பார்த்து, எவர் படுக்கைக்கு மேல் நின்றது என்பதை மலைதான் சொல்ல முடியும். மலையை இழந்தபின் நம் கையில் எஞ்சுபவை எண்ணாயிரம், கல் யானை என்ற கதைகள் மட்டுமே.

2010 முதல் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் பசுமைநடைக் குழுவினர், தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோரின் துணையோடு இக்குன்றுகளுக்கு மக்களை அழைத்துச் சென்று வந்துள்ளனர். அடுத்தமுறை மதுரைக்கு வரும் நண்பர்கள் ஒரு நாளைக் குன்றுகளுக்கு ஒதுக்குங்கள். தண்ணீரும் தொப்பியும் தேவை. எழுத்தைத் துலக்கச் சுண்ணக்கட்டியால் தீற்ற வேண்டா. பாறையில் நம் பெயரையும் எழுத வேண்டா. உப்பு வணிகன் படுக்கை கொடுத்துவிட்டுப் பெயரை எழுதினான்.